தம்பி வந்திருக்காரு

"அப்படின்னா பொய் சொல்லச் சொல்றீங்களா, சிஸ்டர்?"

"பொய் சொல்லுங்கன்னு நான் எங்க சொன்னேன்? எதிர்த்துப் பேசாதீங்கன்னுதான் சொல்றேன். ரெண்டும் வேற."

"தம்பி எங்கன்னு அம்மா கேட்டாங்க. அவன் செத்துப் போயி எத்தனையோ வருஷம் ஆச்சும்மான்னு உள்ளதைச் சொன்னேன். அதுல என்ன தப்பு?"

"சொல்லிட்டு நீங்க பாட்டுக்குக் கிளம்பிட்டீங்க. பொழுது விடியற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருந்தது யாரு? உங்களுக்கு அது பழைய விஷயம். அவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் இப்பதான் செத்த மாதிரி. காலையில அழுததும் மறந்துபோச்சு, எதுக்கு அழுதோம்னும் மறந்துபோச்சு. கண்ணு மட்டும் வீங்கிக் கெடக்கு. 'என் கண்ணுக்கு என்ன ஆச்சு சிஸ்டர்'னு என்னையே கேக்கறாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

பெரியவன் கையிலிருந்த குடையைச் சுவரோரம் சாய்த்தான். அது வழுக்கி விழுந்தது. மறுபடி எடுத்துச் சாய்த்தான்.

அந்த வீட்டில் ஒரு காலத்தில் யாரோ பெரிய குடும்பமாக வாழ்ந்திருக்க வேண்டும். இப்போது அது தனியாக இருக்க முடியாத வயதானவர்களின் இல்லம். சுவரெங்கும் இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு நடக்கக் கம்பி, குளியலறைகளில் வழுக்காத ரப்பர் விரிப்பு, மாடிப்படிக்கு முன்னால் குழந்தைகளுக்குப் போடுவது போன்ற சின்னத் தடுப்புக் கதவு. பினாயிலும் பவுடரும் வெந்த காய்கறியும் கலந்த ஒரு வாசனை. சிஸ்டர்தான் அந்த வீட்டின் நர்ஸ், நிர்வாகி, போலீஸ், எல்லாமும்.

"இங்க ஒரே வழக்கம்தான்" என்றார் சிஸ்டர், கொஞ்சம் இறங்கிய குரலில். "யாரைக் கேட்டாலும் சரி, 'வந்துட்டே இருக்காங்க'ன்னு சொல்லிடுவோம். மாடியில இருக்கறவர் அவர் சம்சாரத்தக் கேப்பார். வந்துட்டே இருக்காங்க. எதிர் ரூம் அம்மா அவங்க அப்பாவக் கேப்பாங்க. வந்துட்டே இருக்காரு. அந்த ஒரு வார்த்தையில நிம்மதியாத் தூங்கிடுவாங்க. நீங்களும் அதையே சொல்லிட்டுப் போங்களேன்."

பெரியவனுக்கு ஒரு நினைப்பு வந்தது. இந்த வீட்டை நோக்கி எத்தனை பேர் வந்துகொண்டே இருக்கிறார்கள்! மனைவிமார், அப்பாக்கள், சின்ன வயதில் போய்ச் சேர்ந்த பிள்ளைகள். நாள்தோறும் யாராவது ஒருவர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி அவர்களைத் தெருவில் இறக்கிவிட்டபடியே இருக்கிறார். வெளியே தெரு காலியாகத்தான் கிடந்தது. இருந்தாலும் அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அவனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். கடைக்கு மேலேயே ஒற்றை ஆளாகக் குடியிருந்தான். அம்மாவும் அவனோடுதான் இருந்தாள், ஒரு சாயங்காலம் செங்குத்தான படிகளில் தானே இறங்கிப் போய், பஸ் நிறுத்தத்தில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருக்கும் வரை. "தம்பி வர்ற நேரம்" என்று அங்கிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

தம்பி என்றால் அவளுடைய இளைய மகன். 'உனக்குத் தம்பி பொறந்திருக்கான் பாரு' என்று பெரியவனுக்குக் காட்டிய நாளிலிருந்து அதுவே அவன் பெயராகிவிட்டது. அம்மாவுக்கு, அப்பாவுக்கு, பால்காரருக்கு, பக்கத்து வீட்டு நாய்க்குக்கூட அவன் தம்பிதான். மூத்தவன் பெரியவன்; இளையவன் தம்பி. பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர்கள் பள்ளிக்கூடத்தோடு போயின. அந்தத் தம்பி இருபத்திரண்டு வயதில், கொட்டும் மழையில், பைக்கில் வீடு திரும்பும்போது லாரியில் அடிபட்டுச் செத்தான். கொண்டுவந்து கிடத்தியபோது ஒரு காலில் மட்டும் ஷூ இருந்தது. இன்னொன்று கிடைக்கவே இல்லை.

அம்மாவின் நினைவு கழன்று விழுந்தபோது தம்பி செத்தது முதலில் விழுந்தது. அப்புறம் அப்பா. அப்புறம் பெரியவனின் முகம். ஆளையே அடையாளம் தெரியாமல் போய்விட்டது. வாரம் தவறாமல் வந்து அவளுடைய கண்ணாடியைத் துடைத்து, காது வளைவைச் சூடுபடுத்தி வளைத்துப் போட்டுவிடுவான். அவளும் மரியாதையாக, "ரொம்ப நன்றிங்க, கண்ணாடிக்காரரே. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்பாள்.

"எல்லாரும் சௌக்கியம்மா" என்பான்.

வெளியே வந்து கொஞ்ச நேரம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கண் மூடுவதற்குள் அம்மா ஒரே ஒரு தடவை 'பெரியவனே' என்று கூப்பிட வேண்டும். அந்தப் பெயரைச் சொல்ல உலகத்தில் வேறு ஆள் இல்லை. அவளும் போய்விட்டால் அவன் யாருக்கும் பெரியவன் இல்லை.

சிஸ்டர் அப்படிச் சொன்ன அன்றைக்குத்தான் ஆயா வேலை பார்க்கும் அக்கா மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றலாகி வந்திருந்தாள். குண்டாக, வாய் ஓயாமல், கையில் எப்போதும் ஒரு துண்டோடு இருப்பாள். அந்த வீட்டில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளுக்கு, தன்னைவிட ஒரு நாள் சின்னவனாக இருந்தாலும் ஆண்பிள்ளை எல்லாம் தம்பி. குழாய் ரிப்பேர் செய்ய வருகிறவர் தம்பி, டாக்டர் தம்பி. பெரியவனைக் கண்டதும் அம்மாவின் அறைக்குள் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அம்மா, யாரு வந்திருக்கா பாருங்க! தம்பி வந்திருக்காரு!"

அம்மா திரும்பினாள்.

அந்த முகத்தை அவன் முன்பு எப்போது பார்த்தான்? விளக்கைத் தூண்டிவிட்டது மாதிரி அதில் மேலே மேலே ஒளி ஏறிக்கொண்டே போயிற்று. இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"வந்துட்டியா தம்பி?"

அக்கா தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். என்ன செய்துவிட்டுப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. பெரியவன் கதவருகில் நின்றான். இல்லை என்று சொல்ல வாய் திறந்தான். அம்மாவின் கைகள் காற்றில் நீட்டியபடியே இருந்தன.

"வந்துட்டேம்மா" என்றான்.

அவள் அவனை இழுத்து உட்காரவைத்துத் தலைமுடியைக் கோதினாள். "ஏண்டா இப்படி நரைச்சுப்போச்சு? நீ இருக்கற எடத்துல தண்ணி சரியில்லையா?"

"ஆமாம்மா. உப்புத் தண்ணி."

"நான்தான் சொன்னேனே." அவன் கன்னத்தைக் கிள்ளினாள். கண்ணாடிக்காரரை அவள் இத்தனை நாளில் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. அன்று வீட்டுக்குப் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தின் அடியில் உட்கார்ந்து அழுதான் அவன். துக்கமா சந்தோஷமா என்று அவனுக்கே பிடிபடவில்லை.

அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை என்பது போய், கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு தினமும் மத்தியானம் வர ஆரம்பித்தான். அம்மா தேறிவிட்டாள் என்றார் சிஸ்டர். வாங்கி வாங்கிச் சாப்பிட்டாளாம். சிரித்தாளாம். டீயோடு கொடுக்கும் பிஸ்கட்டில் பாதியை அவன் வாயில் திணிப்பாள். மீதிப் பாதியைக் கைக்குட்டையில் முடிந்து தலையணைக்கு அடியில் வைப்பாள்.

"அதையும் எனக்குக் குடும்மா" என்றான் ஒரு நாள் விளையாட்டாக.

"கை வச்சேன்னா ஒதைப்பேன். அது அண்ணனுக்கு."

அவன் தலையணையைப் பார்த்தான்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும் தம்பி." அம்மா கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பெரியவன் ஏண்டா வரவே மாட்டேங்கறான்? அவனுக்கு என்மேல கோவம். நான் உன்னையே கொஞ்சறேன்னு கோவம். வெளிய சொல்ல மாட்டான், உள்ளுக்குள்ளயே வச்சுக்குவான். அவன் பொறந்தப்ப நான் எப்படி இருந்தேன்னு அவனுக்கு என்ன தெரியும்? அவன்தானேடா என்னை முதல்ல அம்மான்னு கூப்பிட்டது. அவன் வந்தான்னா சொல்லணும்."

இத்தனை வருஷமும் அவன் காத்திருந்த பெயர் அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. அவனைப் பார்த்தே வந்தது. ஆனால் அவனுக்கு வரவில்லை. நான்தாம்மா பெரியவன் என்று சொன்னால் போதும். சொன்ன உடனே இந்தக் கைகள் விலகிவிடும், கண்ணாடிக்காரரே சௌக்கியமா என்று கேட்டுவிடுவாள். தம்பியும் போய்விடுவான். அவளுக்கு இரண்டு பிள்ளைகளும் இல்லாமல் போகும்.

அந்த வீட்டின் வழக்கம் தானாக நாக்கில் வந்தது.

"அண்ணன் வந்துட்டே இருக்கான்மா."

அம்மா நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.

மறுநாள் வாசலில் கண்டக்டர் அவனை நிறுத்தினார். முப்பது வருஷம் பஸ்ஸில் சீட்டுக் கிழித்தவர். இப்போது இந்த இல்லத்தில் இருப்பவர்; முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை எல்லாம் உள்ளே ஏற்றி அனுப்புவார். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் காலியாக் கெடக்கு பாருங்க" என்பார். எல்லோரும் சிரித்துக்கொண்டே உள்ளே போவார்கள்.

அன்று அவர் அவனைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூட வந்தவரையும் உள்ள வரச் சொல்லுங்க. படியில நிக்கக் கூடாது."

பெரியவன் திரும்பினான். படியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"யாரும் இல்லையே கண்டக்டர்."

"உங்களுக்கு என்ன சார், விழுந்தா கெட்ட பேரு எனக்குத்தான்." கட்டைவிரலால் வாசலைச் சுட்டினார். "ஏம்ப்பா, நனைஞ்சுபோயி நிக்கறியே, உள்ள வாயேன். இல்லன்னா எறங்கு. ரெண்டுல ஒண்ணு செய்."

பெரியவன் சிரிக்கப் பார்த்தான். முகம் ஒத்துழைக்கவில்லை.

அதற்கப்புறம்தான் தரையில் ஈரம் காண ஆரம்பித்தது. அக்கா துடைப்பானைத் தள்ளிக்கொண்டே புலம்பினாள். "யாருய்யா அது, தொடைக்கத் தொடைக்க மிதிக்கறது? மழையும் இல்ல, மண்ணும் இல்ல. அதுலயும் கூத்தைப் பாருங்க தம்பி, ஒரு காலு ஷூ, ஒரு காலு வெறுங்காலு. இங்க அப்படி நடக்கற ஆளு யாரு?"

பெரியவன் குனிந்து பார்த்தான்.

முன்வாசலிலிருந்து தொடங்கி, கம்பியை ஒட்டியே வந்து, அம்மாவின் அறை வாசலில் நின்றிருந்தன தடங்கள். உள்ளே போகவில்லை. திரும்பியும் போகவில்லை.

பினாயில் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை. மழைத் தண்ணீரில் மிதக்கிற பெட்ரோல்.

துடைப்பானை அக்காவிடமிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, அவனே துடைத்தான். துடைக்கும்போது உதடு தன்னால் அசைந்தது. "தம்பி, நான் சும்மாதாண்டா சொன்னேன். அம்மா சந்தோஷமா இருக்கட்டும்னுதான்."

உள்ளே அம்மா இருமினாள்.

அடுத்த சில நாட்களில் அம்மாவின் பார்வை அடிக்கடி பின்கதவுக்குப் போயிற்று. அவளுடைய அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று கூடத்துக்கு. மற்றது தோட்டத்துக்கு, யாரும் தப்பித் தவறி வெளியே போய்விடக் கூடாது என்று எப்போதும் தாழ் போட்டிருக்கும்.

"யாரோ நிக்கறாங்க தம்பி."

"யாரும் இல்லம்மா."

"மூச்சு வாங்குது பாரு. ஓடி வந்த மாதிரி."

அவன் காது கொடுத்துக் கேட்டான்.

கேட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சிஸ்டர் கடைக்குப் போன் செய்தார். டாக்டர் பார்த்துவிட்டாராம். இதயம் களைத்துவிட்டதாம். ஆஸ்பத்திரிக்கெல்லாம் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்கிறாராம். "வர வேண்டியவங்க யாராவது இருந்தா வரச் சொல்லிடுங்க சார்" என்றார், தயங்கித் தயங்கி.

"என்னைத் தவிர யாரும் இல்ல சிஸ்டர்" என்றான் பெரியவன். சொன்னவன் கடை வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

வழியெல்லாம் மழை. பகல்தான் என்றாலும் தெருவிளக்குகள் எரியும் அளவுக்கு இருட்டு. அவன் ஒரு முடிவோடு வந்தான். இன்றைக்கு உள்ளதைச் சொல்லிவிடுவது. தம்பியின் இடத்தைத் தம்பிக்கு விட்டுவிடுவது. அவள் அடையாளம் கண்டால் சரி, காணாவிட்டால் கண்ணாடிக்காரராகவே பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வது.

கண்டக்டர் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றிருந்தார்.

"இன்னிக்கு நீங்க லேட்டு சார். அவரு முன்னாடியே எறங்கிட்டாரு."

"எங்க?"

"பின் வாசலுக்கு" என்றார் கண்டக்டர். முதல் தடவையாக அவர் குரலில் வேடிக்கை இல்லை. "முன்வழியில எடம் இல்லன்னு சொல்லிட்டுச் சுத்திக்கிட்டுப் போனாரு."

கரண்ட் போயிருந்தது. கூடத்தில் அக்கா மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் வழக்கம்போலக் கூப்பிட வாயெடுத்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அம்மா பாதிக் கண் திறந்து படுத்திருந்தாள். ஒவ்வொரு மூச்சையும் எங்கிருந்தோ தேடி எடுத்துவந்து விட்டாள். அவன் முட்டி போட்டு உட்கார்ந்து, அவளுடைய கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுவிட்டான்.

"அம்மா. என்னை நல்லாப் பாரும்மா. நான் பெரியவன்."

அம்மா பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவள் உதடு மெல்ல விரிந்தது.

"போடா குறும்பு" என்றாள். "சின்னதுலயும் இதே வேலைதான். அண்ணன் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து, 'நான்தான் பெரியவன்'னு நிப்ப. எனக்கா தெரியாது?"

"இல்லம்மா. சத்தியமா. தம்பி இல்லம்மா நான். தம்பி..."

அதற்கு மேல் போகவில்லை. மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறவளிடம் இன்னொரு தடவை அந்தச் சாவைச் சொல்ல அவனால் முடியவில்லை. அவள் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

மழைச் சத்தம் சட்டென்று குறைந்தது. நின்றதாகத் தெரியவில்லை. யாரோ அதைக் கொஞ்சம் ஒதுங்கச் சொன்னது மாதிரி இருந்தது.

பின்கதவை யாரோ தட்டினார்கள்.

மெதுவாகத்தான். உள்ளே நோயாளி இருக்கிறார் என்று தெரிந்தவர் தட்டுவதுபோல.

கதவுக்கு அடியில் தண்ணீர் கசிந்து வந்தது. பெட்ரோல் வாசனை அறையை நிறைத்தது. மெழுகுவத்திச் சுடர் அந்தப் பக்கமாகச் சாய்ந்தது.

"யாரு?" என்றாள் அம்மா.

வெளியே கொஞ்ச நேரம் மௌனம். யோசிக்கிற மௌனம். தன்னுடைய பெயரில் உள்ளே ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், மிச்சம் இருப்பது எது என்று தேடுகிற மௌனம்.

அப்புறம் ஒரு குரல். வயதே ஆகாத குரல்.

"நான்தாம்மா. பெரியவன்."

அம்மா தலையைத் தூக்கினாள். இரண்டு நாளாகத் தலையணையிலிருந்து அசையாத தலை. அந்த முகத்தில் ஒளி ஏறியது. தம்பி என்று கேட்டபோது ஏறியதைவிட அதிகமாக, அவன் ஆயுசு முழுக்கக் கேட்டுக் கிடந்த ஒளி, அவனைத் தாண்டி அந்தக் கதவின்மேல் போய் விழுந்தது.

"பெரியவனே" என்றாள். "வந்துட்டியா? கோவமெல்லாம் தீந்துச்சா?"

"கோவமே இல்லம்மா" என்றது குரல். "வழிதான் ரொம்ப தூரம். வா, போலாம்."

பெரியவன் எழுந்து கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றான். திறந்தால் அம்மா போய்விடுவாள். அது அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. திறக்காவிட்டாலும் போய்விடுவாள், கொஞ்ச நேரம் கழித்து, பெரியவன் வாசல்வரை வந்தும் உள்ளே விடப்படவில்லை என்ற நினைப்போடு. தாழ்ப்பாளில் கை வைத்தான். இரும்பு ஐஸ் மாதிரி இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம், அதே உயரத்தில், இன்னொரு கை வந்து அமர்ந்ததை உணர்ந்தான்.

அவனுக்குப் பின்னால் அம்மாவின் விரல்கள் அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தன. தலையணைக்கு அடியிலிருந்து அவள் கைக்குட்டை முடிச்சை எடுத்து வைத்திருந்தாள்.

"தொறடா தம்பி" என்று கெஞ்சினாள். "அண்ணன் நனையறான்ல. தொறந்து விடுடா."